ரோபோவா, காவலா? புரத மாஸ் ஸ்பெக் கூடத்தில் முதல் பணத்தை எங்கே போடுவது

வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு 40 சாம்பிள்களை எங்கள் மாஸ் ஸ்பெக்கின், அதாவது மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவியின், வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம். திங்கள் காலை 9 மணிக்குக் கணக்காக முடிய வேண்டும். முடிந்துதான் இருந்தது. ஆனால் ஏழாவது சாம்பிளுக்குப் பிறகு எல்லாக் கோப்பிலும் வெறும் இரைச்சல். சாம்பிளைக் கருவிக்குள் தெளிக்கும் நுண்குழலான எமிட்டரின் நுனியில் ஏதோ படிந்து ஸ்ப்ரே கோணிக்கொண்டிருந்தது. கருவி அதைச் சட்டையே செய்யவில்லை. ஆட்டோசாம்ப்ளர் ஊசி ஒவ்வொரு குழியிலும் இறங்கியது, உறிஞ்சியது, தன்னைக் கழுவிக்கொண்டது, அடுத்த குழிக்குப் போனது. 33 சாம்பிள்கள் நேரம் தவறாமல், ஒழுங்கு மரியாதையோடு வீணாயின. அதில் 12 சாம்பிள்கள் கடுகளவு திசுவிலிருந்து வந்தவை. கொடுத்தவரிடம் மறுபடி கேட்க வழியில்லை.

அந்த மாதம்தான் எங்கள் கூடத்துக்குத் 'தானியங்கி வசதி' என்ற தலைப்பில் ஒரு தொகை வந்திருந்தது. கூட்டத்தில் எல்லாரும் பிப்பெட் பிடிக்கும் ரோபோவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகான படம்தான். ஆனால் அந்த வார இறுதியில் ரோபோ இருந்திருந்தால் 33-க்குப் பதில் 33 நேர்த்தியாகத் தயாரித்த சாம்பிள்கள் வீணாகியிருக்கும், அவ்வளவே.

புரதம், பெப்டைடு (புரதத்தின் துண்டு) சாம்பிள்களின் மாஸ் ஸ்பெக் வேலையைத் தானியங்கியாக்க நான்கு இடங்களில் பணம் போடலாம்: சாம்பிள் தயாரிப்பு, கலவையைப் பிரித்துக் கொடுக்கும், எல்சி என்று நாம் சுருக்கிச் சொல்லும் திரவக் குரோமட்டோகிராஃபி, தரவு அலசல், கருவியின் மேல் கண் வைத்திருக்கும் காவல். விற்பனைக்கு வருகிறவர்கள் இந்த வரிசையில்தான் பேசுவார்கள். நான் கடைசியிலிருந்து முன்னுக்கு வாங்கச் சொல்கிற ஆள். யாருக்கு என் பேச்சு பொருந்தாது என்பதும் கீழே வரும்.

முதலில், வரிசை எங்கே நிற்கிறது?

வேலையின் போக்கு தெரிந்ததுதான். செல்லையோ திசுவையோ கரைத்து, புரதங்களின் சல்ஃபர் பாலங்களை டிடிடி போட்டு உடைத்து, மறுபடி ஒட்டிக்கொள்ளாதபடி அயடோஅசிட்டமைடு போட்டுப் பூட்டுகிறோம். பிறகு ட்ரிப்சின். லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் மட்டும் வெட்டும் கத்தரி அது. 37 டிகிரியில் ஓர் இரவு விடுவது வழக்கம். வெட்டுப்பட்ட பெப்டைடுகளிலிருந்து உப்பை, சி18 என்ற பெப்டைடைப் பிடித்துவைக்கும் பொருளில் கழுவி நீக்கி, எல்சியில் ஏற்றி, ஸ்ப்ரேயாக மாஸ் ஸ்பெக்குக்குள் அனுப்பி, உடைத்து, வந்த துண்டுகளின் எடையைப் புரத வரிசைத் தரவுத்தளத்தோடு பொருத்திப் பார்க்கிறோம்.

இதில் எந்த இடத்தில் சாம்பிள் காத்துக் கிடக்கிறது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. எங்களுக்கும் பழக்கம் இல்லை. அந்தத் திங்களுக்குப் பிறகு ஒரு நீள நோட்டுப் போட்டு, ஒவ்வொரு சாம்பிளுக்கும் நான்கு தேதி எழுதினோம்: வந்த நாள், தயாரித்து முடித்த நாள், கருவியில் ஓடிய நாள், முடிவு கொடுத்த நாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தயாரிப்புக்குச் சராசரி 2 நாள். கருவிக்காகக் காத்தது 9 நாள். ஓடி முடிந்த பிறகு முடிவுக்காகக் காத்தது 16 நாள். கோப்புகளை மென்பொருளில் ஏற்றிப் பொத்தானை அழுத்த ஒரே ஒரு ஆராய்ச்சி மாணவி. அவருக்கும் சொந்த ஆய்வு இருக்கிறதே. ரோபோ வாங்கினால் அந்த 2 நாள் 1 நாளாகும். 27 நாள் 26 நாளாகும். இதற்காகவா இவ்வளவு பணம்?

கருவிப் பக்கமும் இதே கதைதான். சாம்பிளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் நாளைக்கு 16. ஒரு 96 குழிப் பிளேட்டைத் தின்று முடிக்க அதற்கு 6 நாள். நாளைக்கொரு பிளேட் தயாரிக்கும் ரோபோவை அதன் முன்னால் நிறுத்தினால் ஃப்ரீசர்தான் நிறையும். ஆகவே விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் நோட்டுப் போடுங்கள். உங்கள் கணக்கு எங்களுடையதிலிருந்து தலைகீழாக இருக்கலாம்; அப்படியானால் என் சிபாரிசும் தலைகீழாகும்.

தயாரிப்பு: கை, காந்தம், சின்ன ரோபோ, பெரிய மேடை

ரோபோ கடைசி என்று சொன்னாலும், கேட்கிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. கையால் செய்யும்போது காலையில் போட்ட சாம்பிளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட சாம்பிளும் ஒன்றாக இருப்பதில்லை.

எந்த இயந்திரம் என்பதற்கு முன் எந்த வேதியியல் என்று முடிவு செய்ய வேண்டும். ஜெல்லை வெட்டி அதற்குள் ட்ரிப்சின் விடும் பழைய முறை இயந்திரத்துக்கு ஏற்றதல்ல. சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கிய ஜெல் பிப்பெட் டிப்பின் வாயை அடைக்கும். 2009-இல் வந்த ஃபாஸ்ப் முறை வடிகட்டியை நம்புவது. ஒவ்வொரு கழுவலுக்கும் சென்ட்ரிஃப்யூஜ் வேண்டும், ரோபோவின் மேடையில் சென்ட்ரிஃப்யூஜ் சாதாரணமாக இருக்காது. 2014-இல் ஹைடல்பர்க்கிலிருந்து வந்த எஸ்பி3 முறைதான் ஆட்டத்தை மாற்றியது. புரதக் கரைசலில் காந்த மணிகளைப் போட்டு, பாதிக்கு மேல் அசிட்டோநைட்ரைலோ எத்தனாலோ சேர்த்தால் புரதம் மணிகளின் மேல் வந்து படிகிறது. காந்தத்தில் பிடித்து வைத்துக்கொண்டு 80 சதவீத எத்தனாலில் கழுவினால் உப்பும் டிடர்ஜென்ட்டும் போய்விடும். பிறகு மணியின் மேலேயே ட்ரிப்சின். சென்ட்ரிஃப்யூஜும் இல்லை, வடிகட்டியும் இல்லை. எஸ்டிஎஸ் என்ற வலுவான டிடர்ஜென்ட் போட்டுக் கரைத்த சாம்பிளைக்கூடத் தயங்காமல் போடலாம். கோபன்ஹேகன் குழு ஒன்று 2019-இல் இதன் பங்காளி முறையான பிஏசியை விவரித்தது. மணியின் மேற்பரப்பு எதுவாக இருந்தாலும் புரதம் திரண்டு படிவதுதான் விஷயம் என்று அவர்கள் காட்டினார்கள். இனி நான் சொல்கிற எல்லாத் தேர்வுகளும் காந்த மணியை வைத்துத்தான்.

முதல் தேர்வு, ஒன்றும் வாங்காமல் இருப்பது. அதாவது எட்டுமுனை எலக்ட்ரானிக் பிப்பெட் ஒன்று, 96 குழிக்கான காந்தத் தட்டு ஒன்று, சூடாக்கி ஆட்டும் மிக்சர் ஒன்று. எங்கள் கூடத்தில் பழகிய ஒருவர் ஒரு நாளில் 48 சாம்பிள் செய்துவிடுகிறார், கண்ணில் தூக்கம் இல்லாமல். வாரத்துக்கு நூறுக்குக் கீழே வருகிற கூடத்துக்கு இதுவே போதும் என்பது என் கட்சி. இதைத் 'தானியங்கி' என்று அறிக்கையில் எழுத முடியாது என்பதுதான் குறை.

இரண்டாவது, காந்தத்தையே நகர்த்தும் இயந்திரம். தெர்மோ கம்பெனியின் கிங்ஃபிஷர் இந்த ஜாதி. (பெயரைக் கேட்டதும் வேறொன்று ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை, பறவையை நினையுங்கள்.) மீன்கொத்தி போலவேதான் வேலை செய்கிறது: 96 காந்தக் கம்பிகள் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு குழிக்குள் முங்கி, மணிகளை அள்ளிக்கொண்டு, அடுத்த பிளேட்டில் போய் உதறிவிடுகின்றன. திரவம் இருந்த இடத்திலேயே இருக்கிறது; மணிதான் பயணம் போகிறது. இதன் அருமை பிசுபிசுப்பான சாம்பிளில் தெரியும். டிஎன்ஏ கலந்து கோந்து போல இழுக்கும் கரைசலை உறிஞ்சப் போய் டிப்புக்குள் காற்றுக்குமிழ் ஏறுவது, கழுவிய நீரை உறிஞ்சும்போது மணியும் சேர்ந்து வந்துவிடுவது ஆகிய இரண்டு தலைவலியும் இதில் கிடையாது. ஆனால் கழுவும் பிளேட்டுகளை நிரப்பி வைப்பது உங்கள் கைதான். உள்ளே வேறு எதையும் அது ஊற்றிக்கொடுக்காது. பாதி தானியங்கி. அந்தப் பாதி சரியான பாதி என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, ஓபன்ட்ரான்ஸ் ஓடி-2 போன்ற திறந்த சின்ன ரோபோ. மேசை மேல் வைக்கலாம், பைத்தானில் நிரல் எழுதலாம், பிறர் எழுதிய நிரலை வாங்கி ஓட்டலாம். பெரிய மேடைக்கும் இதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இளம் மாணவர்கள் இதைப் பார்த்ததும் விழுந்துவிடுவார்கள், நானும் விழுந்தேன். பிறகு பட்டதைச் சொல்கிறேன். தண்ணீரை இது அழகாக ஊற்றுகிறது. அசிட்டோநைட்ரைல் சுலபமாக ஆவியாகும் பொருள். டிப்புக்குள் உறிஞ்சியதும் மேலே இருக்கும் காற்றில் ஆவி நிறைந்து, அது திரவத்தைக் கீழே தள்ளும். டிப் ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்குப் போகிற வழியெல்லாம் சொட்டும். அருகில் நின்று பார்த்தால் மேடையில் மழைக்காலத்து ஓட்டு வீடு போல இருக்கும். வைத்தியம் உண்டு: இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டு டிப்பை நனைத்துக்கொள்வது, கடைசியில் கொஞ்சம் காற்றை இழுத்து அடைப்பது, வேகத்தைக் குறைப்பது. இதையெல்லாம் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. ஓடி-2-இல் பிளேட்டைத் தூக்கி வைக்கும் கை இல்லை என்பதால் ஆள் நின்று காந்தத்துக்கும் சூட்டுக்கும் இடையே மாற்றிக் கொடுக்க வேண்டிய கட்டங்களும் வரும். நிரல் எழுதப் பிடித்த ஆள் நிரந்தரமாக இருந்தால் இதை வாங்குங்கள். அந்த ஆள் பட்டம் வாங்கிக்கொண்டு போன மறுநாள் அது ஒரு நல்ல பிளேட் ஸ்டாண்டாகிவிடும்.

நான்காவது, 96 முனையும் ஒன்றாக இறங்கும் பெரிய மேடை. அஜிலென்ட் பிராவோ இதற்குத் தெரிந்த உதாரணம். எஸ்பி3-ஐ அதில் முழுக்க ஓட்டுவதற்கான ஆட்டோஎஸ்பி3 என்ற முறை 2020-இல் வெளிவந்தது. இதன் அசேமேப் வகையில் டிப்புக்குப் பதில் சின்னக் கார்ட்ரிட்ஜ். சி18 கழுவலைக்கூட அதுவே செய்யும். 96 குழிக்கும் ஒரே நொடியில் ட்ரிப்சின் விழுகிறது என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயிரக்கணக்கில் பிளாஸ்மா சாம்பிள் வருகிற இடத்தில் வேறு பேச்சே இல்லை. ஆனால் கார்ட்ரிட்ஜ் ஒரே இடத்தில்தான் வாங்க வேண்டும். நம் ஊரில் அது கப்பலேறி, சுங்கத்தில் உட்கார்ந்து, வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு வரிசையில் நிற்கிற நிலை.

எந்த ரோபோவுக்கும் பொதுவான இரண்டு செலவை விலைப்பட்டியலில் பார்க்க முடியாது. ஒன்று, தொட்டியின் அடியில் தங்கும் திரவம். கையால் செய்யும்போது சாம்பிளுக்கு 1 மைக்ரோகிராம் ட்ரிப்சின் என்றால் 96-க்கு 96 மைக்ரோகிராம், கொஞ்சம் கூட. ரோபோ உறிஞ்சும் தொட்டியில் டிப்புக்கு எட்டாத அடிமட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். ட்ரிப்சின் 20 மைக்ரோகிராம் குப்பிகளில் வருகிற விலையில், அந்த அடிமட்டம் மாதக் கடைசியில் கணக்கில் தெரியும். இரண்டாவது, ஓரக் குழிகள். 37 டிகிரியில் ராத்திரி முழுக்க விட்டால் பிளேட்டின் விளிம்பில் இருக்கும் 36 குழிகள் நடுவில் இருப்பவற்றைவிட அதிகம் வற்றும். மூடியும் ஒட்டுத்தாளும் சரியாக இல்லையென்றால் உங்கள் ஆய்வின் முக்கிய கண்டுபிடிப்பு 'ஓரத்தில் இருந்த நோயாளிகள் வித்தியாசமானவர்கள்' என்பதாகத்தான் இருக்கும்.

கை தவறினால் ஒரு குழி போகும். ரோபோவுக்குத் தவறாகக் கொடுத்தால் பிளேட்டே போகும். எங்கள் ஆள் ஒருவர் ஒரு பிளேட்டை 180 டிகிரி திருப்பி வைத்துவிட்டார். ஏ1 இருக்க வேண்டிய இடத்தில் எச்12. ரோபோ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏ1-இல் வேண்டுமென்றே மாட்டு ஆல்புமின் மட்டும் வைத்திருந்ததால் தப்பித்தோம்: கருவியில் எச்12 என்று பெயர் போட்ட கோப்பில் ஆல்புமின் மட்டும் மலைபோல நின்றது. முழுப் பிளேட்டின் பெயர்ப்பட்டியலையும் திருப்பிப் போட்டுக்கொண்டோம். அன்றிலிருந்து எங்கள் பிளேட்டில் ஒரு மூலை எப்போதும் மற்ற மூன்றைப் போல இராது.

எல்சி: காலம் முடிந்த கதை

இதில் சுருக்கமாகவே சொல்ல முடியும். எங்கள் கூடத்தில் 'காலம் முடிஞ்சுபோச்சு' என்றால் இரண்டு பொருள்: நேரமும் போயிருக்கலாம், எல்சி காலமும் (பெப்டைடுகளைப் பிரிக்கும் குழாய், ஆங்கிலத்தில் column) அடைத்திருக்கலாம். பெரும்பாலும் இரண்டாவதால்தான் முதலாவது.

வழக்கமான நானோ எல்சியில் ஒவ்வொரு சாம்பிளின் அழுக்கும் அதே காலத்தின் தலையில் போய்ச் சேர்கிறது. எவோசெப் ஒன் என்ற கருவி வேறு வழி பிடித்தது: ஒவ்வொரு சாம்பிளும் தனக்கென்று ஒரு சி18 டிப்பில் ஏற்றப்படுகிறது, டிப்பே உப்பு நீக்கும் இடம், டிப்பே ஆட்டோசாம்ப்ளர் குப்பி. அழுக்கு டிப்போடு குப்பைக்குப் போகும். கிரேடியன்ட்களும் (பெப்டைடுகளைப் படிப்படியாக வெளியேற்றக் கரைப்பான் கலவையை மெல்ல மாற்றும் ஓட்டம்) முன்பே வகுத்தவை: நாளைக்கு 30, 60, 100 என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 60 என்றால் சாம்பிளுக்கு 24 நிமிடம். நாங்கள் 6 நாள் ஓட்டிய பிளேட் இரண்டு நாளுக்குள் முடியும். விலை என்னவென்றால் ஆழம். 21 நிமிட கிரேடியன்ட்டில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கிற அத்தனை பெப்டைடும் அதே கருவியில் கிடைக்காது. வேகமாக ஸ்கேன் செய்யும் புதுக் கருவி இருந்தால் இந்த இழப்பு சின்னது. பத்து வயதான கருவி என்றால் உறைக்கும். பழைய கருவியை வைத்துக்கொண்டு இதை வாங்குவது மாட்டுவண்டிக்கு ரேசிங் டயர் மாட்டுவது.

தரவு: பொத்தானை யார் அழுத்துவது

எங்கள் 16 நாள் இங்கேதான் இருந்தது. இங்கே பணச் செலவும் மிகக் குறைவு. ஆனாலும் பெரும்பாலான கூடங்கள் இதைக் கடைசிக்குத் தள்ளுகின்றன. காட்டுவதற்கு ஒரு பெட்டி இல்லையே!

தரவு எடுக்கும் முறையிலிருந்து தொடங்க வேண்டும். டிடிஏ முறையில் கருவி அந்தந்த நொடியில் உயரமாக நிற்கிற பெப்டைடுகளைத் தேர்ந்தெடுத்து உடைக்கிறது. அடுத்த சாம்பிளில் அதே பெப்டைடு கொஞ்சம் குட்டையாக இருந்தால் விட்டுவிடும். நூறு சாம்பிள் ஓட்டினால் அட்டவணையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். டிஐஏ முறையில் தேர்வே கிடையாது. எடை வரம்பைச் சன்னல்களாகப் பிரித்து, சன்னலுக்குள் இருக்கிற எல்லாவற்றையும் உடைக்கிறது. 2012-இல் வந்த ஸ்வாத் என்ற டிஐஏ முறையில் 400-லிருந்து 1200 வரை 25 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அகலத்தில் 32 சன்னல்கள். தரவு குழம்பலாக இருக்கும், பிரித்தெடுக்க மென்பொருள் கெட்டியாக வேண்டும். ஆனால் எந்தச் சாம்பிளையும் ஒரே மாதிரி பார்க்கும். தானியங்கிக்கு டிஐஏதான் தோது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

மென்பொருளைப் பற்றிப் பேசும்போது எது அதிகப் புரதம் கண்டுபிடிக்கிறது என்றுதான் சண்டை நடக்கும். தானியங்கியாக்குகிறவர் கேட்க வேண்டியது வேறு: ஆள் உட்கார்ந்து பொத்தான் அழுத்தாமல் கட்டளை வரியில் ஓடுமா? ஒரே அமைப்புக் கோப்பைக் கொடுத்தால் அடுத்த வருடமும் அதே விடை வருமா?

இந்த இரண்டு கேள்வியை வைத்துப் பார்த்தால், டிஐஏ தரவுக்கு 2020-இல் வெளியான டிஐஏ-என்என் முன்னால் நிற்கிறது. பெப்டைடுகள் உடைந்த விதத்தின் பதிவுகளான ஸ்பெக்ட்ரல் நூலகம் தனியாகக் கட்டத் தேவையில்லை. புரத வரிசையைக் கொடுத்தால் பெப்டைடுகள் எப்படி உடையும், எப்போது வெளிவரும் என்று தானே கணித்துக்கொள்கிறது. கட்டளை வரியில் ஓடுவதற்கென்றே செய்தது போல இருக்கும். டிடிஏ தரவுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிராக்பைப். அதன் இதயமான எம்எஸ்ஃபிராகர் 2017-இல் வந்தது, வேகம் அசாத்தியம். கல்வி நிறுவன ஆய்வுக்கு இலவசம், கம்பெனிக்கு உரிமம் வேண்டும். வெளியார் கம்பெனி சாம்பிளும் ஓட்டுகிற கூடமாக இருந்தால் இதை முன்கூட்டியே கவனியுங்கள். மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலிருந்து 2008-இல் வந்த மேக்ஸ்குவான்ட் இன்னும் நம்பகமானது, இன்னும் மெதுவானது. பழைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். கருவிக் கம்பெனிகளின் மென்பொருள் பார்க்க நன்றாக இருக்கும், தொலைபேசியில் உதவியும் கிடைக்கும். உரிமம் ஒரு கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டிருந்தால் தானியங்கிக்கு அது முட்டுக்கட்டை. பத்துப் பதினைந்து பெப்டைடை மட்டும் துல்லியமாக அளக்கிற வேலைக்கு ஸ்கைலைன். இலவசம், திறந்த நிரல், ஒவ்வொரு பீக்கையும் கண்ணால் பார்க்கலாம்.

நாங்கள் செய்தது இவ்வளவே: கருவியின் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன நிரல் கோப்புறையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். புதுக் கோப்பு வந்தால் சர்வருக்கு நகலெடுத்து, தேடலைத் தொடங்கி, முடிந்ததும் ஒரு வரி எழுதும். முதல் வாரம் எல்லாத் தேடலும் பாதியில் செத்தது. காரணம் அற்பம்: கருவி கோப்பை இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கள் நிரல் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கோப்பின் அளவு ஐந்து நிமிடம் மாறாமல் இருந்தால்தான் தொட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. 16 நாள் 2 நாளானது. செலவு, ஒரு பழைய சர்வர்.

தானியங்கித் தேடலில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்தவர்கள் அநேகம். உண்மையான புரத வரிசைகளோடு அவற்றைத் தலைகீழாக்கிய போலி வரிசைகளையும் சேர்த்துத் தேடி, போலியில் எத்தனை மாட்டுகிறது என்பதை வைத்துத் தவறு விகிதத்தை 1 சதவீதத்தில் நிறுத்துவது வழக்கம். ஒரு கோப்புக்கு இது சரி. நூறு கோப்பைத் தனித்தனியே 1 சதவீதத்தில் தேடி, கடைசியில் பட்டியல்களை ஒன்று சேர்த்தால் என்ன ஆகும்? கோப்புக்கு 3000 புரதம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 பொய். உண்மையானவை நூறு கோப்பிலும் கிட்டத்தட்ட அதேதான். பொய்கள் கோப்புக்குக் கோப்பு வேறு. சேர்த்த பட்டியலில் உண்மை சுமார் 3000, பொய்யும் 3000-ஐ நெருங்கலாம். அதாவது பாதி. கையால் ஒவ்வொன்றாகச் செய்த காலத்தில் யாரும் நூறு பட்டியலைச் சேர்க்கவில்லை; நிரல் சேர்த்துக்கொடுத்துவிடும். ஆகவே தினசரித் தேடல் கண்காணிப்புக்கு மட்டும். வெளியே கொடுக்கிற முடிவுக்கு எல்லாக் கோப்பையும் ஒன்றாக வைத்து, புரத அளவிலும் தவறு விகிதத்தைக் கட்டுப்படுத்தி, மறுபடி ஒரு தேடல். மென்பொருளின் பதிப்பு எண்ணையும், யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்திலிருந்து வரிசைகளை இறக்கிய தேதியையும் முடிவுக் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

காவல்: எல்லாவற்றிலும் மலிவு

கருவி நலமா என்று பார்க்கும் சோதனைச் சாம்பிள் எங்களுக்கு ஹீலா (ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு மனித செல் வகை) செல்லின் ட்ரிப்சின் வெட்டு, 200 நானோகிராம். 12 சாம்பிளுக்கு ஒரு முறை ஓட்டுகிறோம். இது எல்லாக் கூடத்திலும் நடப்பதுதான். ஆனால் பெரும்பாலும் யாரும் அதைத் திறந்து பார்ப்பது பிரச்சினை வந்த பிறகு. நாங்கள் மாற்றியது, அந்தக் கோப்பு வந்தவுடன் தேடல் ஓடி நான்கு எண் வெளிவரும்படி: எத்தனை பெப்டைடு, எடைப் பிழை எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), தெரிந்த சில பெப்டைடுகள் வெளிவரும் நேரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது, பீக்கின் அகலம். கடைசிப் பத்து ஹீலாவின் நடுமதிப்பிலிருந்து பெப்டைடு எண்ணிக்கை 25 சதவீதம் விழுந்தால் என் கைபேசிக்கு டெலிகிராமில் செய்தி வரும். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு ஸ்கைலைன் குழுவின் ஆட்டோக்யூசி இதே வேலையைச் செய்துகொடுக்கிறது. வரைபடங்கள் பனோரமா தளத்தில் ஏறும்.

இந்த எண்கள் வெவ்வேறு வியாதியைச் சொல்லும். நேரம் மட்டும் நகர்ந்தால் காலத்திலோ பம்பிலோ கோளாறு. எடைப் பிழை மட்டும் நகர்ந்தால் கேலிபரேஷன், இல்லையென்றால் அறையின் ஏசி. எண்ணிக்கை மட்டும் விழுந்து மற்றவை அசையாமல் இருந்தால் ஸ்ப்ரே, அல்லது கருவியின் வாயில் அழுக்கு.

போன மாதம் ராத்திரி 1:40-க்குச் செய்தி வந்தது. தூக்கத்தோடு லேப்டாப்பைத் திறந்து, தூர இணைப்பில் போய், வரிசையை நிறுத்தினேன். மிச்சம் 22 சாம்பிள் பிளேட்டிலேயே பத்திரமாக இருந்தன. காலையில் எமிட்டரை மாற்றி ஓட்டினோம். வீட்டில் திட்டு விழுந்தது. அது எந்தத் தானியங்கியிலும் தீராது.

பவர் கட் பற்றியும் ஒரு வரி: யுபிஎஸ்ஸின் பாட்டரி வயதையும் காவல் பட்டியலில் சேருங்கள். வெற்றிடம் போய்விட்டால் பம்ப் மறுபடி இழுத்துக் கருவி நிதானத்துக்கு வர ஒரு நாள் போய்விடும்.

என் வரிசை யாருக்குப் பொருந்தாது

நாங்கள் பலருடைய சாம்பிளையும் ஓட்டிக்கொடுக்கும் பொது ஆய்வுக்கூடம். திங்கள் ஈரல், செவ்வாய் ஈஸ்ட், புதன் யாரோ கொண்டுவந்த பாம்பு விஷம். கேள்வி நாளுக்கு நாள் மாறுவதால் தயாரிப்பை இயந்திரத்தில் கட்டுவது கஷ்டம்.

கேள்வி மாறாத இடங்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி நுண்ணுயிர் ஆய்வகத்தில் மால்டி கருவி பாக்டீரியாவை அடையாளம் காண்பதைப் பாருங்கள். காலனியைக் குச்சியால் எடுத்து எஃகுத் தட்டில் பூசி, மேட்ரிக்ஸ் என்ற வேதிக்கரைசல் ஒரு சொட்டு வைத்தால், 2,000 முதல் 20,000 டால்டன் வரையிலான புரதங்களின் கோலத்தை நூலகத்தோடு ஒப்பிட்டுச் சில நிமிடத்தில் பெயர் சொல்லிவிடும். அமெரிக்க எஃப்டிஏ 2013-இல் இதற்கு அனுமதி கொடுத்தது. மாஸ் ஸ்பெக் என்ற சொல்லையே கேள்விப்படாத ஒருவர் இதை ஓட்ட முடியும். 'இது எந்தக் கிருமி' என்ற ஒரே கேள்விதான் தினமும். அங்கே முழுசாக வாங்குங்கள், துண்டு துண்டாக வேண்டாம்.

ஆன்டிபாடி மருந்து தயாரிக்கிறவர்களுக்கு ரோபோவே முதலில் வர வேண்டும் என்பேன். ஒரே மூலக்கூறின் பெப்டைடு வரைபடத்தை ஒவ்வொரு பேட்சுக்கும் எடுக்கிறார்கள்; அஸ்பாரஜின் அமைடை இழந்து 0.984 டால்டன் கூடியிருக்கிறதா, மெத்தியோனின் ஆக்சிஜன் ஏறி 15.995 கூடியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிக்கல், பிஎச் 8-இல் ராத்திரி முழுக்க ட்ரிப்சினில் கிடப்பதே அமைடு இழப்பை உண்டாக்கும். ஒரு குழி நாற்பது நிமிடம் அதிகம் கிடந்தால் மருந்தில் இல்லாத மாற்றம் அறிக்கையில் வரும். அங்கே எல்லாக் குழிக்கும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் அமிலம் விட்டு நிறுத்துகிற கை வேண்டும், மனிதக் கை அல்ல. மென்பொருளும் யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும். இலவச நிரல்களைக் கட்டி இழுக்கிற என் யோசனை தணிக்கைக்கு வருகிறவர் முன்னால் நிற்காது.

ஆயிரக்கணக்கில் பிளாஸ்மா ஓட்டுகிற மக்கள்தொகை ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான். முதல் சாம்பிளும் கடைசிச் சாம்பிளும் ஒரு வருட இடைவெளியில் தயாராகும்; நடுவில் ஆள் மாறுவார், கை மாறும்.

எங்கள் நோட்டில் இப்போது தயாரிப்பு 2 நாள், கருவிக்காகக் காத்திருப்பது 9 நாள், முடிவுக்கு 2 நாள். அடுத்த பணம் எல்சிக்குத்தான் போகும். அதற்கு அடுத்து காந்தக் கம்பி இயந்திரம் வாங்கலாம் என்றிருக்கிறோம். டெமோ காட்ட வருகிறவரிடம் நான் கேட்கப்போவது ஒன்றுதான். அவர் கொண்டுவரும் சுத்தமான செல் கரைசல் வேண்டாம். எங்களிடம் இருக்கிற மிக மோசமான எலி மூளைக் கரைசல் ஒன்றை, அதையே, 96 குழியிலும் போட்டு ஓட்டிக் காட்டட்டும். ஓரத்து 36 குழிகளின் சிவி (அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது, சராசரியின் சதவீதமாக) தனியாக, உள்ளே இருக்கிற 60 குழிகளின் சிவி தனியாக வேண்டும். இரண்டும் 20 சதவீதத்துக்குள் வந்தால் பேரம் பேச உட்காரலாம். போன முறை ஒருவர் வந்தார். எல்லாக் குழியும் சேர்த்த சராசரியைத்தான் காட்டினார், தனித்தனியாகக் கேட்டதும் காபி குடிக்கலாமா என்றார்.